திரும்பாமலே வீடு வந்த நாள்

ஒன்றே ஒன்று. ஒரு ஏரியை முழுசாகச் சுற்றி வந்திருக்கிறேன். உங்கப்பன் எதையாவது ஆரம்பித்து முடித்திருக்கிறானா என்று யாராவது உன்னைக் கேட்டால், யோசிக்காமல் இதைச் சொல், நைனா. கேட்பார்கள். உன் மாமன் சாமுவேல் கட்டாயம் கேட்பான். தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, கழுத்தில் டேப் தொங்க நின்று, என்னையே ஒரு நாள் கேட்டான். அப்போது என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கிடைத்துவிட்டது. அந்த மத்தியானத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். உனக்கு இப்போது எட்டு மாசம், தூளியில் தூங்குகிறாய். நீ இதைப் படிக்கும்போது உனக்கு என் வயசு ஆகியிருக்கும். மீசை இருக்கும். நான் சொல்வதைக் கேட்கிற காலம் தாண்டியிருக்கும். அதனால்தான் இப்போதே எழுதி வைக்கிறேன். அப்போது எழுதினால் நானும் தொப்பை போட்டு, பெரிய மனுஷனாகி, எல்லாவற்றையும் எனக்குச் சாதகமாகத் திருத்தி எழுதிவிடுவேன். வேறு யார் கையில் கிடைத்தாலும் படித்துக்கொள்ளட்டும். ஒளிக்கிற விஷயம் இதில் எதுவும் இல்லை, குப்பத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான்.

நீ பார்க்கப்போகிற அப்பன் வேறு மாதிரி ஆளாக இருக்கலாம் என்பதால், இப்போது இருப்பவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவன். எங்கப்பாவுக்குக் கட்டுமரம்தான் எல்லாம். நான் கடலுக்குப் போகக்கூடாது என்று செங்கல்பட்டு காலேஜில் சேர்த்தார். சரித்திரம் எடுத்தேன். இரண்டாவது வருஷம் பாதியில் ஒரு நாள், எந்த ராஜாவுக்குப் பிறகு எந்த ராஜா என்று வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளியே ஒரு லாரி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. எழுந்து போய் அதில் ஏறிவிட்டேன். காஞ்சிபுரம் வரைக்கும் போனேன். டிரைவர் நல்ல ஆள், இட்லி வாங்கிக் கொடுத்து, கிளீனராகச் சேர்த்துக்கொண்டார். அதையும் விட்டேன். பிறகு டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தேன். சிற்பக் கொட்டகையில் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கடைசியாக மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் விடுகிற கடையில் நின்றேன். எதுவும் மோசமான வேலை இல்லை. எனக்குத்தான் ஒரு இடத்தில் கால் நிற்காது. ஒரு வேலையில் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் போதும், அங்கே அரிக்க ஆரம்பித்துவிடும்.

காலேஜுக்குப் போனதில் உருப்படியாக நடந்தது ஒன்றுதான், உங்கம்மாவைப் பார்த்தது. எஸ்தர் அப்போது டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டுக்காரி. அப்பா அம்மா இல்லை, அண்ணன் சாமுவேல் துணி தைத்துப் படிக்கவைத்தான். நாங்கள் மீன் பிடிக்கிற ஜனம். அவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். சாமியும் வேறு. கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் போட்ட கூத்தை உனக்கு மற்றவர்கள் சொல்வார்கள், அவரவர் பங்குக்கு மசாலா தூவி. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் சொல்லவேண்டும். ஒரு வெள்ளைக்காரன் கடையிலிருந்து சைக்கிளை எடுத்துப்போய்க் கோவளத்தில் மணலிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். முதலாளி என்மேல் பாய்ந்தார். சாவிக்கொத்தை மேஜைமேல் வீசிவிட்டு வந்துவிட்டேன். அது தப்பில்லை. வீட்டில் சொல்லாததுதான் தப்பு. தினமும் காலையில் தலை வாரி, சட்டை மாட்டி, வேலைக்குப் போகிறவன் மாதிரி கிளம்பி, சவுக்குத் தோப்பில் படுத்துக்கிடந்துவிட்டு சாயங்காலம் களைப்பாக வருவேன். ஒரு நாள் நான் மறந்துவிட்டுப் போன சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு உங்கம்மா நேரே கடைக்கே போய்விட்டாள். அங்கே வேறு ஒருத்தன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். அவள் கத்தவில்லை, என்னைத் தேடவும் இல்லை. வருகிற வழியில் ஒரு கல்மேல் உட்கார்ந்து அந்தச் சோற்றை அவளே சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டினாள். செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டாள். நீ அப்போது அவள் வயிற்றில் நாலு மாசம். அதனால் இங்கேயே ஒரு புத்தி சொல்லிவிடுகிறேன். வேலையை விடுவதென்றால் விடு, நைனா. நான் ஒன்றும் கேட்கமாட்டேன். ஆனால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடு. சோறு ஆறுவதற்குள் சொல்லிவிடு.

ஐப்பசியில் முதல் மழை அடித்து ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிவரக் கிளம்பினேன். இருந்ததிலேயே நல்ல பேண்ட்டை மாட்டிக்கொண்டேன். பெல்பாட்டம், கீழே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு அகலம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு மூட்டை நெத்திலிக் கருவாடு எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “யாருய்யா அது? ஒண்ணு மூட்ட மேல ஏறணும், இல்ல நீ கீழ எறங்கணும்” என்றார். மூட்டை கூரைக்கு ஏறியது. சாமுவேலின் வீடு ஊரின் மேற்குக் கோடியில், மலைக்குப் போகிற பாதையில் இருந்தது. வாசலிலேயே மிஷின் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் காலை எடுத்தான், மிஷின் நின்றது.

“இன்னா மச்சான், கடலயே காய வச்சி எட்தாந்துட்டியா?”

“நெத்திலி. உங்களுக்குத்தான்.”

“அத்த வுடு. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. பொறந்ததுலேர்ந்து எதனா ஒண்ண ஆரம்பிச்சி முடிச்சிகிறியா நீ? இந்தக் கருவாடு கூட நீயா முடிச்ச? வெயிலு முடிச்சிது.”

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கம்மா வெளியே வந்தாள். ஒரு மாசத்தில் முகம் ரொம்பவே மாறியிருந்தது, நீதான் காரணம். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பெல்பாட்டத்தில் கண் கொஞ்ச நேரம் நின்றது.

“யோவ், அங்கியே நில்லு. உள்ள வராத. செருப்பு மாட்டிகினு வரேன்.”

“எங்க போவணும்?”

“ஏரிக்கி. டாக்டரம்மா நடக்கச் சொல்லிகிறாங்க. இன்னிக்கி முழுசா ஒரு சுத்து சுத்தப்போறேன். கூட வரதுன்னா வா.”

“அப்பால வூட்டுக்குப் போலாமா?”

“அப்பாலதான் சொல்லுவேன். உங்கூட குப்பத்துக்கு வரேனா, இல்ல கொழந்தய இங்கியே பெத்து இங்கியே வளத்துக்கறேனான்னு.”

சாமுவேல் சிரித்தான். “அம்மா எஸ்தரு, கலங்கல் வரிக்கும் போயி ரெண்டு பேரும் திரும்பிடுவீங்கோ. ஊருல அல்லாரும் அங்கதான் திரும்பறாங்க. ஒக்காந்து பட்டனாச்சும் தெச்சிக் குடு.”

“அல்லாரும் அங்க திரும்பறாங்கன்னுதான் நான் போறேன்” என்றாள் உங்கம்மா.

சித்தேரி என்று சொல்வார்கள். பெயரில்தான் சின்ன ஏரி, பார்த்தால் அப்படி இல்லை. மலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவரைக்காய் மாதிரி வளைந்து கிடக்கும். ஊர்ப் பக்கம் மண்கரை, அதில் மதகு. கரை முடிகிற இடத்தில் கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கல் வைத்துக் கட்டிய தாழ்வான இடம். அதைத் தாண்டினால் மலை. பாறைமேல் விழுகிற மழை பாறையிலேயே கழுவி இறங்குவதால், மண் கலக்காமல் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் ஆனால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லைக் கூடத் தனித்தனியாகப் பார்க்கலாம். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் நின்றது, அதன் உச்சியில் ஒரு கெண்டைமீன் மேய்ந்துகொண்டிருந்தது. உங்கம்மா நின்று நின்று பார்த்தாள். எனக்கு என்னவோ போல இருந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. “இன்னாது, தண்ணி செத்துப்போயி கெடக்குது” என்றேன். “உன்ன மாதிரி ஓயாம அடிச்சிகினு கெடந்தாதான் உயிரோட கீதுன்னு அர்த்தமா?” என்றாள்.

இங்கே உனக்கு ஒன்று விளக்கவேண்டும். நீ எங்கே வளர்வாயோ தெரியாது. எங்கள் குப்பத்தில் பிறந்தவனுக்கு இடம் வலம் தேவையே இல்லை. எல்லாம் கடல் பக்கம், கரைப் பக்கம். கல்யாணமான புதிதில் வீட்டுக்குள்ளேயே, “அந்தக் குண்டான கடப்பக்கம் நவுத்து” என்பேன், “கரப்பக்கம் திரும்பிப் படு” என்பேன். உங்கம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். எங்களுக்குத் தண்ணீர் இருக்கிற பக்கம் கிழக்கு. அது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயமே இல்லை, உடம்பிலேயே இருக்கிறது. அப்புறம் இன்னொன்று. கடற்கரை நேராகப் போகிறது. நடக்க நடக்க வீடு தூரமாகிக்கொண்டே போகும். வீட்டுக்கு வரவேண்டுமானால் ஒரே வழிதான், திரும்பி நடக்கவேண்டும். இருபத்துமூன்று வருஷமாக நான் நடந்த நடை எல்லாம் அப்படித்தான். ஏரிக்கரையில் ஒரு நாளும் நடந்ததில்லை. தண்ணீரைச் சுற்றி வரலாம் என்பது கேட்டால் புரியும். காலுக்குப் புரியாது.

கலங்கலில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வழிந்துகொண்டிருந்தது. பாசி. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். ஒருத்தி உரக்கவே, “இன்னா எஸ்தரு, ஊட்டுக்காரு பாவாட கட்டிகினு வந்துகிறாரு?” என்றாள். இன்னொருத்தி, “தூக்கிக் கட்டுங்க அண்ணாத்த, ஏரித் தண்ணி மொத்தம் அதுலியே பூடும்” என்றாள். உங்கம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். நான் பேண்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். அவள் தன் முழுப் பாரத்தையும் என் கையில் போட்டு நடந்தாள். ஒரு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தொட்டோம். அக்கரை ஏறியதும் கையை எடுத்துக்கொண்டாள். ஆனாலும் எனக்கு அது போதுமாக இருந்தது. நான் மனசுக்குள் விசிலடித்துக்கொண்டு போனேன்.

மலைப் பக்கம் ஆடு போகிற ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணீர். நடுவில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வேர்க்கடலையைப் பிரித்தாள். அங்கிருந்து எதிர்க்கரையில் தன் வீடு தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். தெரியவில்லை. மலை மூக்கை நீட்டிக்கொண்டு மறைத்தது. “சின்னப் புள்ளையிலேர்ந்து இத்த நெனச்சிகினே இருந்தேன். இங்கேர்ந்து பாத்தா எங்க வூடு எம்மாத்தூண்டு தெரியும்னு. யார் கூட வந்தாலும் கலங்கலாண்டயே போதும் போதும்னு இட்டுகினு பூடுவாங்க” என்றாள். நான் கடலையை உரித்து உரித்து அவள் கையில் போட்டேன். அப்புறம் அவள் கேட்டாள்:

“கொழந்த பொறந்தா இன்னா பண்ணப்போற?”

நான் ஆரம்பித்தேன். பம்பாய் போய் டிரைவிங் கற்றுக்கொள்வேன். இல்லையென்றால் நானே சைக்கிள் கடை வைப்பேன். இல்லையென்றால் வெள்ளைக்காரர்களுக்குக் கைடு, எனக்குத்தான் ராஜாக்கள் தெரியுமே, பாதி ராஜாக்களாவது. சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் ஏறியது. அவள் கடலையை மென்றுகொண்டே முழுவதையும் கேட்டாள்.

“சோக்கா கீது. இதுல எத்த மொதல்ல வுடுவ?”

கோபம் வந்தது. தண்ணீரில் ஒரு கல்லை எறிந்தேன். அது போய் அடியில் உட்காருகிறவரை முழுசாகத் தெரிந்தது. இதிலும் உனக்கு ஒரு புத்தி இருக்கிறது. பெண்டாட்டி ஒன்று கேட்டால் திட்டம் சொல்லாதே. அவள் கேட்டது திட்டம் இல்லை. என்ன பண்ணப்போகிறாய் என்று கேட்டால், தெரியவில்லை என்று சொல். தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. பம்பாய் வந்தது.

எழுந்து கொஞ்ச தூரம் போவதற்குள் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் வந்து மூடியது. மழை. பெரிய மழை இல்லை, ஆனால் நிற்காத மழை. பாறை முடிந்து பாதை கோரைப்புல்லுக்குள் இறங்கியது. தலைக்கு மேல் கோரை, காலடியில் சேறு. உங்கம்மாவின் ரப்பர் செருப்பு ஒன்று சேற்றில் மாட்டி வார் பிய்த்துக்கொண்டது. விழுந்து கிடந்த ஒரு பனைமரத்தின்மேல் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் செருப்பைக் கையில் வாங்கி வாரைத் திரும்ப நுழைக்கப் பார்த்தேன். அது போகவில்லை. அப்போது எனக்குப் பயம் வந்தது. நிஜமான பயம். ஊரே கண்ணில் படவில்லை. தண்ணீர் அதே பக்கத்தில்தான் இருந்தது. என் கணக்குப்படி நாங்கள் கிளம்பிய நேரத்திலிருந்து தெற்கே, தெற்கே, நேராகப் போய்க்கொண்டே இருக்கிறோம். வீடு பின்னால் எங்கேயோ மைல்கணக்கில் இருக்கிறது. வயிற்றில் நீ.

“எழுந்துரு. திரும்பிடலாம்” என்றேன்.

“திரும்பினாதான் தூரம்.”

“நா சொல்றது கேளு எஸ்தரு. வூட்ட வுட்டு ரொம்ப தொலவு வந்துட்டோம். இருட்டறதுக்குள்ள போவணும்.”

“வூட்டுக்குத்தான்யா போயிகினு கீறோம்.”

“இன்னா பேசற நீ? போவப் போவ எப்பிடி வூடு வரும்? மூள கீள கலங்கிடுச்சா?”

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். நான் பாதை தெரியாமல் உளறுகிறேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வழக்கம்போலப் பாதியில் விடுகிறேன், அதற்கு ஒரு சாக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தாள். பின்னால் அவளே சொன்னாள். அப்போது சொன்னது வேறு.

“நீ போ. நா ஒண்டியா முன்னாலதான் போவேன். நீ திரும்பறதுன்னா அப்பிடியே பஸ் ஸ்டாண்டுக்குப் பூடு. வூட்டுக்கு வராத.”

“பேஜாரு புடிச்சவளே, மழையில இன்னா புடிவாதம் உனக்கு?” என்று கத்திவிட்டு நான் திரும்பி நடந்தேன். ஆமாம், நடந்தேன். அவள் பின்னாலேயே வருவாள், வேறு வழி இல்லை என்று நினைத்தேன். கோரையை விலக்கிக்கொண்டு வேகமாகப் போனேன். பாறை வரைக்கும் போய்விட்டேன். பின்னால் சத்தமே இல்லை. முகத்தில் வழிகிற தண்ணீரைத் துடைக்கக் கையைத் தூக்கினால், கையில் அவள் செருப்பு.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நைனா, பெரிய ஞானம் எதுவும் வந்ததாக நினைத்துக்கொள்ளாதே. முதலில் தோன்றியது, இவள் எப்படி நடப்பாள், கருவேல முள் கிடக்குமே என்பதுதான். அடுத்துத் தோன்றியது, இவள் வரமாட்டாள். முள் குத்தினாலும் அந்தப் பக்கம்தான் போவாள். அப்படியென்றால் வீடு எந்தப் பக்கம் இருந்தால் எனக்கென்ன? நான் தனியாகப் போய்ச் சேருகிற வீட்டில் எனக்கு என்ன வேலை? வந்த வழியே ஓடினேன். பனைமரத்தின்மேல் அவள் இல்லை. சேற்றில் ஒரு செருப்புத் தடமும் ஒரு வெறுங்கால் தடமும் முன்னால் போயிருந்தன. பெல்பாட்டம் அவிழ்ந்து சேற்றை அள்ளிக்கொண்டது, இரண்டு தரம் விழுந்தேன். பனந்தோப்புக்குள் அவளைப் பிடித்தேன். ஒரு காலில் செருப்போடு விந்தி விந்திப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள், முகத்தில் தண்ணீர், அது மழையா வேறு ஒன்றா என்று நான் கேட்கவில்லை. முந்தானை ஓரத்தைக் கிழித்து அந்தச் செருப்பை அவள் காலோடு சேர்த்துக் கட்டினேன்.

“எந்தப் பக்கம்னாலும் போ. நா வரேன்” என்றேன்.

“வழி தெரிஞ்ச மாதிரி பேசின?”

“தெரியாது. எனக்கு ஒண்ணுமே தெரியல. ராத்திரி எதனா ஒரு ஊர்ல தங்கிக்கலாம். யாரனா சோறு போடாமயா பூடுவாங்க.”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். என் தோளில் கை போட்டுக்கொண்டாள். நடந்தோம். முன்பின் தெரியாத ஊரில் போய் யார் கதவைத் தட்டலாம், இவளுக்கு மாற்றுத் துணிக்கு என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டே போனேன். பனந்தோப்பு முடிந்தது. எதிரில் ஒரு மண்கரை. கரையில் ஒரு மதகு. அதற்கு அப்பால் ஓட்டு வீடுகள், அடுப்புப் புகை, ஞாயிற்றுக்கிழமை ரேடியோ சத்தம். ஒரு வீட்டு வாசலில் தையல் மிஷின்மேல் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தான் உன் மாமன்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். “இது எப்பிடி இங்க வந்திச்சு?” என்றேன்.

“எது?”

“உங்க வூடு. அது பின்னால இல்ல இருந்திச்சு?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. நான் மறுபடியும் சொன்னேன், தண்ணீர் கிழக்கு, நாம் நடந்தது தெற்கு, திரும்பாமல் எப்படி வீடு வரும் என்று கையைக் காட்டிக் காட்டி. அவள் முகம் மாறியது. மதகுக் கல்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். “ஏரிய்யா அது! ஏரி! சுத்தினா வூடு வரும்யா!” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது, நீ உள்ளே உதைத்தாய் என்று வேறு சொன்னாள். கொஞ்சம் அடங்கியதும் என்னைப் பார்த்து, “அப்ப மெய்யாலுமே வூட்ட வுட்டுத் தொலவா போறோம்னு நெனச்சிகினுதான் எங்கூட வந்தியா?” என்று கேட்டாள். “ஆமா” என்றேன். அவள் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. மழை விட்டிருந்தது. காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சேற்றைக் கழுவினாள். சேறு கலங்கி, மெல்ல விலகி, அவள் விரல்கள் திரும்பத் தெளிவாகத் தெரிந்தன.

“நாளைக்கி மொத பஸ்ஸா, ரெண்டாவது பஸ்ஸா?” என்றாள்.

அவ்வளவுதான். அதுதான் அவள் சொன்ன முடிவு. நான் குதித்தேன். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். “இரு. இன்னும் கீது. நீ வேலைக்குப் போயி போயி வுடறதெல்லாம் இனிமே வாணாம். நா ஸ்கூலுக்குப் போறேன். மகாபலிபுரத்துல எடம் கேட்டுகிறேன். நீ வூட்ல இருந்து கொழந்தயப் பாத்துக்க.”

“நானா? ஆம்பள எப்பிடி…”

“இன்னா ஆம்பள? அடுத்து இன்னா வரும்னு தெரிஞ்சிட்டா உனக்குப் புடிக்காது. கொழந்த கிட்ட அடுத்து இன்னா வரும்னு எவனுக்கும் தெரியாது. உனக்குப் பொருத்தமான வேல அது ஒண்ணுதான்.”

சாமுவேல் இதைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் மிஷின் மிதிக்கவில்லை. “மச்சான், உனக்கு ரெண்டு பாவாட தெச்சித் தரேன்” என்றான். தரட்டும். அன்றைக்குச் சாப்பாட்டில் நெத்திலிக் குழம்பை மூன்று தரம் வாங்கி ஊற்றிக்கொண்டவனும் அவன்தான்.

அப்படித்தான் இப்போது நீயும் நானும் இங்கே இருக்கிறோம். உங்கம்மா ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள், மத்தியான மணி அடித்ததும் உனக்குப் பால் கொடுக்க ஓடி வருவாள். குப்பத்தில் முதலில் ஒரே கேலி. வலை பின்னுகிறவர்கள் வேண்டுமென்றே நம் வீட்டு வழியாகப் போய், “இன்னாடா, தாய்ப்பாலும் நீதான் குடுக்கறியா?” என்று கேட்டார்கள். உன் தாத்தாவுக்கு மட்டும் ரொம்ப ஆச்சரியம். “பொறந்ததுலேர்ந்து இவன் ஒரு எடத்துல இம்மா நேரம் ஒக்காந்து நா பாத்ததே இல்ல” என்று கட்டுமரத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் துணி அலசுகிறேன், கஞ்சி காய்ச்சுகிறேன், உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வருகிறேன். நீ மணலைத் தின்கிறாய். நண்டைப் பார்த்தால் கத்துகிறாய். நேற்று முதல் தடவையாக எதையும் பிடிக்காமல் உட்கார்ந்தாய், உட்கார்ந்து, இதில் என்ன பெரிய விஷயம் என்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாகச் சாய்ந்தாய். நான் பிடித்துவிட்டேன். இந்த எட்டு மாசத்தில் ஒரு நாள் கூட வெளியே லாரிச் சத்தம் கேட்டு எழுந்து போகவில்லை. கேட்காமல் இல்லை, கேட்கிறது. அது பாட்டுக்குப் போகிறது.

நீ காலேஜை விடுவாயோ, வேலையை விடுவாயோ, எனக்குத் தெரியாது. என் ரத்தம்தானே, கால் அரிக்கத்தான் செய்யும். விட்டுவிட்டு வந்தால் நான் திட்டமாட்டேன். உங்கம்மா திட்டுவாள், அது வேறு. ஆனால் யாரையாவது மழையில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி நடக்கத் தோன்றினால், ஒன்று செய். முதலில் உன் கையில் என்ன இருக்கிறது என்று பார். அப்புறம் இன்னொரு விஷயம், இது ரொம்ப முக்கியம், நான் எங்கப்பாவிடம் கேட்டும் அவருக்குச் சொல்லத் தெரியாமல் போனது, நானாகத்தான் கண்டுபிடித்தேன், ஒரு பெண்ணை உனக்குப் பிடித்துப்போய், அவளிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்கும்போது…

தூளியிலிருந்து ஒரு கால் வெளியே வந்துவிட்டது. நனைத்துவிட்டாய் போலிருக்கிறது, முகம் கோணுகிறது. இதோ கத்த ஆரம்பித்துவிட்டாய். நான் போகணும்.